உன் அறையில் கேட்கும் மூச்சு

என் பிரியமுள்ள மயிலக்கா,

நீ போன பிறகு உன் அறையைப் பூட்டியே வைத்திருந்தேன். உன் மகள் கவிதா வந்துதான் திறந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்ததும், தாராபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வர முடியாது என்று என்னோடு தங்கிவிட்டாள். "அம்மா கட்டில்லயே படுத்துக்கறேன் சித்தி, அம்மா வாசம் இருக்குது" என்றாள். தலையணையை மாற்றக்கூட விடவில்லை. நடுவில் உன் தலை பதிந்த குழி அப்படியே இருந்தது.

பக்கத்துச் சந்தில் நிட்டிங் மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் நம் வீட்டுக்குள் சின்னச் சத்தம் எதுவும் கேட்காது, உனக்குத் தெரியும். அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போயிற்று. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. லீவில் இருந்த கவிதா கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன். அந்த அமைதியில் உன் மூச்சு கேட்டது.

எப்படிச் சொல்வேன்? யாரோ ஒருவருடைய மூச்சு இல்லை, உன்னுடையது. வெளியே விடும்போது மெல்லிய விசில், முடிவில் சின்ன இழுப்பு, பிறகு "ம்க்கும்" என்று ஒரு செருமல். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து வருஷக்கணக்கில் கேட்டவளுக்குத் தெரியாதா? கதவுக்கு வெளியே அசையாமல் நின்றேன். பயமாக இருந்தது. அது நின்றுவிடக் கூடாதே என்றும் இருந்தது.

மோர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ராமாத்தாளும் கேட்டுவிட்டாள். "டீச்சருங்க... உங்கக்காதானுங்க அது" என்றாள்.

கதவைத் தள்ளினோம். கவிதா கட்டில் ஓரத்தில், நீ உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்காலில் ஊன்றி, தோள் மேலேறி, உன் பச்சைச் சேலையைப் போர்த்திக்கொண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போயிற்று. எங்களை யாரோ போலப் பார்த்தாள்.

ராமாத்தாள் கைகூப்பினாள். "சாமி, நீங்க ஆருங்க?"

கவிதா இன்னொரு மூச்சை இழுத்தாள்.

"மயிலக்காதானுங்களே? புள்ளைய உட்டுருங்க. என்ன வேணும்னு சொல்லுங்க, செஞ்சு போடறோம்."

கவிதா வாயைத் திறந்தாள். "தண்" என்றாள். இழுத்தாள். "ணி" என்றாள்.

"பாத்தீங்களா டீச்சர்? மொறைக்கறதப் பாருங்க, அச்சு உங்கக்காவேதான். எம்மேல கோவம், அதான் பேச மாட்டேங்கறாங்க. இவங்க எவர்சில்வர் குண்டாவ நான் இன்னும் திருப்பிக் குடுக்கலீங்க."

அந்தப் பேச்சுதான் என்னை உலுக்கியது. கோபம் இல்லை, அவளால் பேச முடியவில்லை! ஒரு வார்த்தையை முழுதாகச் சொல்லக்கூட மூச்சு இல்லை. கடைசி நாளில் நீயும் இப்படித்தானே துண்டு துண்டாகப் பேசினாய்?

ராமாத்தாள் படுக்க வைக்கப் போனாள். தடுத்தேன், நிமிர்ந்தே உட்காரட்டும் என்று. கவிதாவின் கைப்பையைக் கொட்டினேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டல்லவா? கம்பெனியில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று இன்ஹேலரைக் கர்ச்சீப்பில் சுற்றி அடியில் வைத்திருந்தாள். குலுக்கி, இன்ஹேலர் இழுக்க நீ அலமாரியில் வைத்திருந்த பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, ஒரு தடவை அழுத்தி, நிதானமாக நாலைந்து மூச்சு இழுக்க விட்டு, பிறகு அடுத்தது. அதற்குள் ராமாத்தாள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும் விடாமல் கொடுத்தேன்.

மாஸ்க்கில் மருந்துப் புகை வைத்து, ஊசி போட்டு, மூச்சு அடங்கிய பிறகு நடந்ததையெல்லாம் சொன்னேன். டாக்டரம்மா கேட்டார்: "தலகாணி என்ன பஞ்சு?"

பஞ்சு எங்கே? வெட்டுத்துணி. பனியன் கட்டிங்கில் மிஞ்சுகிற துண்டுகளை மூட்டையாக வாங்கி நீயே அடைத்துத் தைத்தது. இந்த ஊரில் எத்தனை வீட்டில் அதே தலையணை! "வருசக்கணக்கான தூசி, துணிப் பிசிறு. அம்மாவுக்கும் ஆஸ்துமா, இவங்களுக்கும் ஆஸ்துமா. அப்புறம் மூச்சு ஒரே மாதிரிதான் கேக்கும்" என்றார்.

கவிதாவுக்கு என் பாணியில் விளக்கினேன். பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள், கேட்டில் ஒரு கதவு மட்டும் கொஞ்சம் திறந்திருக்கிறது. உள்ளே நெரிசல், வெளியே வர வழியில்லை. ஆஸ்துமாவில் காற்றும் இப்படித்தான் வெளியேற முடியாமல் உள்ளே திணறுகிறது. அவசர இன்ஹேலர் அந்த நேரத்துக்குக் கதவைத் தள்ளித் திறக்கும். தினசரி இன்ஹேலர்தான் கதவின் துருவை எடுக்கிறது. நன்றாக இருக்கிற நாளிலும் அதை நிறுத்தக் கூடாது. நீ நிறுத்தினாய், அக்கா. "நல்லாத்தான இருக்கறேன், எதுக்குப் புள்ள தெனமும்?" என்றாயே.

"பழகிப் போயிருமா சித்தி?" என்று அவளும் கேட்டாள்.

"பல்லு வெளக்கறதுங்கூடத்தான் பழகிப் போச்சு. உட்டுட்டயா?"

சிரித்துவிட்டாள். இப்போது காலையும் இரவும் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்கிறாள்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தலையணையைப் புழக்கடையில் வைத்துப் பிரித்தேன். துண்டுகள் கீழே கொட்டின. பிசிறு மட்டும் மேலே எழுந்தது. ஓர் இலைகூட அசையாத வெயிலில், உன் தலை உயரத்தில், கலையாமல் நின்றது. ராமாத்தாள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். நானும் இரண்டடி பின்னால் போனேன். ஆனாலும் முழுவதையும் மூட்டை கட்டி வெளியே போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் மறுபடியும் கரண்ட் போயிற்று. மெஷின்கள் நின்றன. உன் அறையில் அதே விசில், அதே இழுப்பு, அதே செருமல். கதவு திறந்தே இருந்தது, கட்டிலில் யாரும் இல்லை. கவிதா கம்பெனியில்.

நான் உள்ளே போகவில்லை. முதலில் போனை எடுத்தேன்.

"மூச்சு எப்படி இருக்குது கண்ணு?"

"நல்லாத்தான் இருக்குதுங்க சித்தி. ஏன், என்னாச்சு?"

"சும்மாதான்."

அதற்குப் பிறகு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்தேன். சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. கேட்டது என் மூச்சுதானோ என்று மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் அது யார், அக்கா?

யாராக இருந்தாலும் இந்த வாக்கைத் தருகிறேன். இனி அந்த மூச்சு எப்போது கேட்டாலும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். முதலில் உன் மகளின் மூச்சைப் பார்ப்பேன். அவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் உன்னிடம் வருவேன். கோபித்துக்கொள்ளாதே. நீ காத்திருக்கலாம், அவளால் முடியாது.

உன் கூடப்பிறந்தவள்,
சரோஜா