நாம் தாங்கிக்கொண்ட வலி

என் ஷமீமுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கராத்தே வகுப்பு இன்னும் நடக்கிறது. அதே குடியிருப்பின் மொட்டைமாடிதான். மாஸ்டருக்கு ஷிப்ட் மாறினால் நமக்கும் நேரம் மாறும், அதுவும் அப்படியே. நீ நின்ற இடத்தில் இப்போது பேரிகை ஊரிலிருந்து வரும் லட்சுமி நிற்கிறாள்.

ஒரே கம்பெனி, ஒரே லைன், ஒரே பஸ். நாற்பது வயதில் இருவரும் சேர்ந்து வெள்ளை பெல்ட் கட்டினோம். "கம்பெனி பஸ்ல சீட் புடிக்கவா இந்தக் கராத்தே?" என்று உன் வீட்டுக்காரர் கேட்டார். "ஆமாங்க, மொத அடி உங்களுக்குத்தான்" என்றாய்.

வலியைத் தாங்கப் பழக வேண்டும் என்று சொல்லித்தந்தார்கள். அந்தப் பாடத்தை மட்டும் நாம் ரொம்ப நன்றாகப் படித்துவிட்டோம்.

ஒருநாள் நீ தடுக்கத் தவறி, என் குத்து உன் மார்போரம் விழுந்தது. மறுவாரம் அங்கே கட்டியாக இருக்கிறது என்றாய். "உங்க குத்துதாங்க்கா, இன்னும் வீக்கம் போவல." எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "உப்பு ஒத்தடம் குடு. இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா எப்பதான் பெல்ட் வாங்கறது?" என்றேன். ஐந்து மாதம் ஒத்தடம் கொடுத்தாய்.

குத்துக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமில்லை, ஆனால் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் பெங்களூரு டாக்டர். முதல் பாதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கடைசிவரை நீ என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதையும் தாங்கிக்கொண்டாயா?

போன வாரம் லட்சுமி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு வாரமா வலிக்குதுங்க. பரவால்லீங்க, தாங்கிக்குவேன்." எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டரிடம் காட்டு என்றேன். "மேடம், நீங்களே இவங்கள பயமுறுத்தாதீங்க" என்றார் மாஸ்டர். அவருக்கு இருபத்தைந்து வயதுதான். எல்லோரும் சிரித்தார்கள். நான் என் இடத்தில் போய் நின்றேன்.

நீ ஏன் தாமதித்தாய் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. நான் சொன்னதில்லை. மூன்று வருடம் எதிரே நிற்பவளின் கண்ணைப் பார்க்கப் பழகினேன். இதைச் சொல்ல மட்டும் தலை நிமிரவில்லை.

இந்த ஞாயிறு சொல்லிவிடுகிறேன், ஷமீம். உன்னிடம் சொன்ன அதே வார்த்தைகளை, எல்லோர் முன்னாலும். லட்சுமி கேட்பாளா, தெரியாது. கேட்டாலும் நீ வரப்போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாத
உன் அக்கா,
விஜயா