குளியலறைச் சுவரில் இரண்டு கிளாம்ப்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான் நலம். முன்பின்னாக எழுதிக் குழப்பிவிடுவேனோ என்ற பயத்தில், சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. கழிவுநீர்க் குழாய் மாற்றியாயிற்று.
2. உன் குளியலறையில் ஆறு டைல்ஸ் உடைந்தன.
3. நடந்ததில் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

மொட்டை மாடியிலிருந்து உன் வீடு வழியாகக் கீழே என் வீடு வரை ஒரே இரும்புக் குழாய், நாற்பது வருடத் துரு. என் வீட்டுப் பகுதி விரல் பட்டாலே உதிர்ந்தது. எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்பாரே, அந்தப் பிளம்பர்தான் வந்து பார்த்தார். "கீழ வெட்டுறதுக்கு முன்னால மேல் வீட்டுச் சுவர்ல ரெண்டு கிளாம்ப் போட்டுக் குழாயை நிறுத்தணும் சார். இல்லேன்னா மொத்தப் பாரமும் என் தலையிலதான்" என்றார்.

தொலைபேசியில் உன்னிடம் அதைத்தான் சொன்னேன். "இவனுங்க இப்படித்தான் வேலையை இழுப்பானுங்க அண்ணே. புது டைல்ஸ்ல கை வெச்சா அப்புறம் நமக்குள்ள பேச்சே கிடையாது" என்றாய். எனக்கென்று இருப்பது நீ ஒருவன். மறுநாள் பிளம்பர் உன் வீட்டுச் சாவி கேட்டபோது, நீ விட்டுப்போன சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, என்னிடம் இல்லை என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கீழே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு வெட்டினார். பாதியில் மேலே இருந்த பழைய பிடி விட்டுப்போய், குழாய் ஒரு சாண் இறங்கியது. அவருடைய வலது கை சுவரோரம் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

கருவிப் பையை எடுத்துப்போக அவர் மனைவி வந்தாள். கொடுத்த தேநீரைத் தொடவில்லை. "உங்க பையில சாவி சத்தம் கேட்டுச்சாம். பெரியவரை எதுக்குப் பொய்யராக்கணும்னு விட்டுட்டாராம். நல்ல மனசுதான். அந்த மனசு இனிமே ஸ்பேனர் பிடிக்குமா?" என்றாள்.

அடுத்த நாள் உன் வீட்டைத் திறந்துவிட்டேன். வேறொருவர் வந்து கிளாம்ப் அடித்தார். அரை மணி நேர வேலை. உடைந்த டைல்ஸைத் துடைத்து அடுக்கி வைத்திருக்கிறேன்.

நீயும் குழந்தைகளும் கைகால் சுகத்தோடு நீண்ட நாள் வாழ வேண்டும். பொய் சொன்னது நான். அதை யார் தலையிலும் கட்டப்போவதில்லை. ஆனாலும் எழுதியதைத் திரும்பப் படித்தேன், மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. உன்மேல் வருத்தம் இருக்கிறது, தம்பி. பேசாமல் இருப்பதானால் இரு.

அண்ணன்