பதினேழு படி

திருமயம் பக்கம், 14-8-1958

அன்பு மகன் குழந்தைசாமிக்கு, ஆத்தா செவந்தி சொல்ல உன் தங்கச்சி அமராவதி எழுதுவது. இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதச் சொல்ல வாய் வரவில்லை, நீயாவது அங்கே சுகமாக இரு. மழை இல்லை, கண்மாயில் சேறுதான் கிடக்கிறது. சிவப்பி கிடேரிக்கன்று போட்டிருக்கிறது. இதைச் சந்தோசமாகச் சொல்லலாம் என்றிருந்தேன், நீ கெடுத்துவிட்டாய். தங்கச்சி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு கதை அனுப்பினாயாமே, ஊரெல்லாம் அதே பேச்சு. ஆயிரம் வருசம் கழித்து நம் கோட்டைக்கு மேலே இரும்புத் தூண் நட்டு ஆகாசத்தில் ஒரு ஊராம், பணக்காரர்கள் அங்கேயாம், நம்மைப் போன்றவர்கள் கீழே இருட்டில் சக்கரம் மிதித்து அவர்களுக்குக் காற்று அனுப்புவோமாம், அவர்கள் விட்ட மூச்சுதான் குழாய் வழியாக நமக்கு வருமாம். நாம் மேலே போவதற்குப் பின்பக்கம் தனிப் படியாம். ஒருநாள் எல்லாரும் சேர்ந்து மிதிப்பதை நிறுத்த, மேலே உள்ளவர்கள் மூச்சு முட்டி அந்தப் படியிலேயே இறங்கி வருகிறார்களாம்.

பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த பெரிய வீட்டு ஆதப்பன் செட்டியாருக்கு அந்தப் பத்திரிகையை அனுப்பியிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை நாச்சியப்பன் வாசிக்க, முதலில் செட்டியார் சிரித்தாராம். படி பதினேழு என்று வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். அவர் வீட்டுப் பின்கட்டுப் படி பதினேழு என்று கட்டிய அவருக்குத் தெரியும், தண்ணீர் சுமக்கிற எனக்குத் தெரியும். அன்றைக்கே அப்பாவைத் தோட்டத்து வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஏன்டா நாகராசு, எங்களை ஆகாசத்தில் குடிவைத்தானே உன் மகன், வாடகை எவ்வளவு கேட்கிறான் என்று நாச்சியப்பன் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, உன் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். பினாங்கில் நீ வேலை பார்ப்பதும் செட்டியார் கடைதானே. உன்னை நிறுத்தச் சொல்லித் திங்கட்கிழமையே ஏர்மெயிலில் எழுதிவிட்டார்களாம். தின்ற சோற்றை நினைக்க வேண்டாமா அய்யா. அந்தக் கடையை நடத்தும் ஏஜெண்டு காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேள்.

அண்ணே, இது நான். ஆத்தா சொல்லி முடித்துக் கடைசியில் கைநாட்டும் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டது. நடுவில் நான் இடம் விட்டது அதற்குத் தெரியாது. சிமினி விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்பா இருமினால் நிறுத்திவிடுகிறேன். கதையை எழுதியது நான். என் பேரைப் போடப் பயந்து உன் பேரைப் போட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனை யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன், கடை யாருடையது என்று நினைக்கவில்லை. லீவில் ஆத்தாவோடு குடம் தூக்கும்போது படியை எண்ணிக்கொண்டுதான் ஏறுவேன், எண்ணாவிட்டால் படி தப்பிவிடும். எழுதும்போது அந்த எண் தானாக வந்துவிட்டது. மூன்று தடவை ஆத்தாவிடம் சொல்லப் போனேன். சொன்னால் பள்ளிக்கூடம் அன்றோடு முடிந்தது, அப்புறம் ஆயுசுக்கும் எனக்கு அந்தப் படிதான். அதனால் அது உன்னைத் திட்டத் திட்ட எழுதினேன். கதையில் எல்லாரும் சேர்ந்து நிறுத்தினார்கள் அண்ணே. இங்கே அப்பாவை நிறுத்திய மறுநாளே அந்த வேலைக்குச் சோலையப்பன் மாமா போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, வீட்டில் நாலு பிள்ளைகள். இந்தக் கடிதத்தை ஏஜெண்டிடம் காட்டு. பத்திரிகையில் அந்தக் கதை என் கையெழுத்தில்தான் இருக்கிறது, அது பெரிய வீட்டில் கிடக்கிறது, இதை அங்கே அனுப்பி இரண்டு கையெழுத்தையும் ஒத்துப் பார்க்கட்டும். காட்டாதே என்று எழுதத்தான் கை போகிறது. ஆனாலும் காட்டு. இனி வருவது ஆத்தா சொன்னது.

இனிமேல் கதை கிதை என்று போகாதே. வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. எவ்வளவு கோபம் இருந்தாலும் பெற்ற வயிறு, நீ நோய் நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும் சாமி. தங்கச்சியைப் பார்த்தாவது கற்றுக்கொள். நான் சொல்வதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஆத்தா செவந்தி
இடது கைப் பெருவிரல் ரேகை