இடது காது மெஷின்

மார்ச் 2, ஞாயிறு

தொப்பலாக நனைந்து வீடு வந்தேன். கிளம்பும்போது குடை மாட்டும் ஆணியில் குடை இல்லை. என் மனைவியைக் கேட்டால் சிரிக்கிறாள். ஜெபக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பது அவள்தான். இந்த மாதப் பாடம் கொடுத்தல். இரண்டு வைத்திருந்தால் ஒன்றைக் கொடு, உனக்குத் தேவையானதைக் கடவுள் தருவார். எங்கள் வாலு — இரண்டாம் வகுப்பு, ஒரே பெண் — வீட்டில் இரண்டு குடை இருப்பதைப் பார்த்து ஒன்றைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாள். அதுவும் நல்ல குடையை. கம்பி ஒடிந்தது பத்திரமாக மூலையில் நிற்கிறது.

யாருக்குக் கொடுத்தாள்? அதைக் கேட்கக்கூடாதாம். அந்த வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருக்கிறாள் என் மனைவி, மகராசி. கொடுத்ததை ஒருத்தரிடமும் சொல்லக்கூடாது, திருப்பியும் கேட்கக்கூடாது. சொன்னால் தம்பட்டம் ஆகிவிடுமாம்.

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். பிரேக் பிடிக்கிறதா என்று சோதிக்காமல் ஒருத்தரையும் ஏற்ற மாட்டேன். "கடவுள் பிடித்துக்கொள்வார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கம்பெனி அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

தும்மல் நிற்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

வாலுவின் இடது காது மெஷினைக் காணவில்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாயிற்று. வாஷிங் மெஷினின் ரப்பர் மடிப்புக்குள் கைவிட்டுத் தேடியாயிற்று. குப்பைக் கூடையைக் காகிதம் விரித்துக் கொட்டிப் பார்த்தாயிற்று. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு காதும் மந்தம். அந்த இரண்டு மெஷினையும் வாங்க நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் குழிக்குள் கிடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறேன், இவள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

"எங்க வெச்ச?"

"சொல்லக்கூடாதுப்பா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி. இரண்டு இருந்தது. ஒன்றைக் கொடுத்துவிட்டாள்.

கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வலது காதிலிருந்த மெஷினையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இனி நான் என்ன கத்தினாலும் அவளுக்கு அது வாயசைவுதான்.

நான் கத்துவது கேட்கக்கூடாது என்று என் பிள்ளை முடிவு பண்ணிவிட்டாள். அதுவும் எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. வேறு எப்படி வரும் எனக்கு?

மார்ச் 5, புதன்

மனைவியோடு சண்டை.

"நான் காது மெஷினக் குடுக்கச் சொன்னேனாங்க?"

"ரெண்டு இருந்தா ஒண்ணக் குடுன்னு சொன்ன இல்ல? அவளுக்கு எண்ணத் தெரியும். எண்ணிப் பாத்துக் குடுத்துட்டா."

அவள் எழுந்தாள். வாலுவைக் கூப்பிட்டு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லு கண்ணு, பரவால்ல" என்றாள். வாலு அம்மாவை ஏற இறங்கப் பார்த்து, "யார்கிட்டயும்னு நீதானே சொன்ன?" என்றாள். போட்ட சட்டத்தை மீறு என்று சொல்லவும் முடியாமல், மீறாதே என்று சொல்லவும் முடியாமல் நின்றாளே, அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது.

"கடவுள் வேற தருவார்ப்பா" என்று வாலு எனக்கு ஆறுதல் வேறு சொல்கிறாள்.

கடவுள் தருவாராம். போன தடவை தந்தது யார்? சாப்பிட உட்காரும்போதெல்லாம் கண்ணை மூடி, "மெஷின் தந்ததுக்கு நன்றி" என்று முகத்தை மேலே தூக்கிச் சொல்வாள். எதிரே கிரீஸ் கறை போகாத கையோடு உட்கார்ந்திருக்கிற ஒருத்தனை ஒரு நாளும் பார்த்ததில்லை. எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 7, வெள்ளி

லீவு சொல்லிவிட்டு அவளைக் காது கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கே டெஸ்ட் பண்ணும் அம்மா பதறிவிட்டார். "இது இவ காதுக்குன்னே செட் பண்ணது சார். நல்லாக் கேக்கற பிள்ளை யாராச்சும் மாட்டிக்கிட்டா அந்தச் சத்தத்துல அது காதே கெட்டுப்போகும். சீக்கிரம் கண்டுபிடிங்க."

இது வேறயா! திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் வாலுவிடம் நிதானமாகத்தான் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு நிதானம். "நீ குடுத்தியே, அந்தப் பிள்ளை காது கெட்டுப்போயிடும். தெரியுமா?"

"அவளுக்குக் கெட்டுப்போறதுக்கு ஒண்ணும் இல்லப்பா."

"என்னது?"

"அவளுக்கும் கேக்காது. யாருக்கும் தெரியாது. எல்லாரும் சிரிச்சப்புறம்தான் அவ சிரிப்பா. எது கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவா. டீச்சர் திமிருன்னு அவள வெளிய நிறுத்துறாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மெஷின் வர்றதுக்கு முன்னாடி நானும் அப்படித்தானே இருந்தேன்" என்றாள்.

அதற்குப் பிறகு பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வகுப்பில் டீச்சர் ஓயாமல் வெளியே நிறுத்துவது ஒரே ஒரு பெண்ணைத்தான். கடைத்தெரு ரொட்டிக்கடைக்காரர் மகள்.

மார்ச் 8, சனி

ரொட்டிக்கடைக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். இல்லை, போனது நல்லதுதான். தெரியவில்லை.

கடையில் நல்ல கூட்டம். ரொட்டிக்கடைக்காரர் கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நின்று மெல்லத்தான் ஆரம்பித்தேன். உங்கள் பெண்ணிடம் என் பெண்ணின் மெஷின் இருக்கிறது, காதில் மாட்டுவது, இவ்வளவு சின்னது, மாட்டாமல் சும்மா கிடந்தால் கீச்சிடும்.

"அந்த விசிலடிக்கற பொம்மையா? ஸ்கூல் பைக்குள்ள கிடந்து கீச்சு கீச்சுன்னு கத்திட்டே இருந்துச்சு. குப்பைல போட்டுட்டேன்."

குப்பையில். குப்பை வண்டி அதற்குள் வந்து போயாயிற்று.

அப்புறம் என்ன பேசினேன் என்று வரிசையாக எழுத வராது. பொம்மைக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாதா என்றேன். அவர் பதிலுக்கு எகிறினார். உங்கள் பெண்ணுக்கும் காது கேட்கவில்லை, அதுகூடத் தெரியாமல் நீங்கள் என்ன தகப்பன் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"என் பொண்ணச் செவிடுங்கறியா? வெளிய போடா!"

ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்க்கிறார்கள். அவர் கையை ஓங்கிய வேகத்தில் முழங்கை பட்டு, அடுக்கி வைத்திருந்த தகரத் தட்டுகள் அத்தனையும் சரிந்து தரையில் விழுந்தன. என்ன சத்தம்! ஒரு பெண்மணி காதைப் பொத்திக்கொண்டார். தெருவில் போனவன் நின்று எட்டிப்பார்த்தான்.

உள்ளே மேஜையோரம், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அந்தப் பெண் பிள்ளை காகிதப் பைகளுக்குள் பன் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு பை. அடுத்த பை. திரும்பவே இல்லை.

அவரும் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓங்கின கை அப்படியே நின்றது.

கடையை விட்டு வந்துவிட்டேன். அந்த ஆளை நான்கு நாள் திட்டலாம் என்று வைத்திருந்த கோபத்தை இப்போது யார்மேல் காட்டுவது?

மார்ச் 9, ஞாயிறு

யார்மேல் காட்டுவது என்று தெரிந்துவிட்டது. ஜெபக்கூடத்துப் பெரியவர்.

மனைவி வகுப்பில் சட்டத்தைத் திருத்தினாள். இனிமேல் எதைக் கொடுத்தாலும் முதலில் வீட்டில் கேட்க வேண்டும். பிள்ளைகள் எதிரே நின்று, "நான் சொல்லிக்குடுத்தது பாதிதான், மீதிய மறந்துட்டேன்" என்று அவளே சொன்னாள். வாசலில் நின்று கேட்டேன். அவள்மேல் இருந்த கோபம் அங்கேயே பாதி இறங்கியது. மீதி இருக்கிறது.

வெளியே வந்தால் இந்தப் பெரியவர் என் தோளில் கை வைத்து, "கவலைப்படாதே தம்பி, கடவுள் கொடுப்பார்" என்கிறார். இரண்டு வீடு வைத்திருப்பவர். ஒன்று பூட்டிக் கிடக்கிறது. "அவர் குடுக்கறது இருக்கட்டும், பெரியவங்க நீங்க இந்தப் பாடத்த எப்ப படிக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. கறுக்கட்டும்.

நாளையிலிருந்து ஓவர்டைம் கேட்டிருக்கிறேன். கிளினிக்கில் பழைய மெஷின் வந்தால் இரவல் கொடுப்பார்கள். அதற்கும் வாலுவின் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

வாலு இப்போது யார் கூப்பிட்டாலும் முதலில் தப்பான பக்கம் திரும்புகிறாள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒற்றைக் காதுக்குத் தெரியாது. இன்று ரோட்டைக் கடக்கும்போது ஒரு பைக் உரசிக்கொண்டு போனது. பைக்காரனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அவள் அழவில்லை. "கடவுள் லேட் பண்றார்" என்றாள், பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

மார்ச் 16, ஞாயிறு

சாயங்காலம் கதவைத் தட்டி ரொட்டிக்கடைக்காரர் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நானும் இரண்டாம் தரம் சொல்லவில்லை.

"கிளினிக்ல காட்டினோம். ரெண்டு காதும் சரியில்லையாம். சின்னதுலேர்ந்தே." கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "கூப்பிட்டா வர்லன்னு அடிச்சிருக்கேண்ணே. திமிருன்னு நெனச்சு அடிச்சிருக்கேன்."

மெஷினைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, மெஷின் மாட்டினால் பிள்ளைக்கு வலிக்குமா என்று கேட்டார். வாலு முந்திக்கொண்டு, "வலிக்காது. கூசும்" என்றாள்.

அவர் போனபிறகும் கோபம் இருந்தது. ஆனால் இது வேறு கோபம். அந்த டீச்சர்மேல், அந்தப் பள்ளிக்கூடத்தின்மேல், இரண்டு பெண் பிள்ளைகளின் காதை இப்படிச் செய்து அனுப்பினவர்மேல்.

மார்ச் 20, வியாழன்

கிளினிக்கிலிருந்து போன். இரவல் மெஷின் வந்துவிட்டது, வாங்கிக்கொள்ளலாம். ஒன்றுதான். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

போனால் பெஞ்சில் ரொட்டிக்கடைக்காரர். பக்கத்தில் அந்தப் பெண். இரண்டு பேரும் ஏதோ டெஸ்டுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று.

கிளினிக் அம்மா டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லியிருப்பேன். என் பிள்ளை ரோட்டில் தப்பான பக்கம் திரும்புகிறாள், என்னால் முடியாது என்று சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேட்டுத் தொலைக்கவில்லையே!

என் பிள்ளைக்கு ஒரு காதாவது கேட்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. இது என்ன பெரிய கணக்கா? வாலு போட்டுப் பார்த்து முடித்த கணக்குத்தானே?

"அந்தப் பிள்ளைக்கு செட் பண்ணிக் குடுங்க" என்று டப்பாவை மேஜைமேல் வைத்தேன். வைத்தேன் என்றா எழுதினேன், அடித்தேன். கிளினிக் அம்மா திடுக்கிட்டார். ரொட்டிக்கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். "ஒண்ணும் சொல்லாதீங்க" என்று சீறிவிட்டு வெளியே வந்துவிட்டேன். படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். ஆத்திரத்தில்தான்.

மார்ச் 21, வெள்ளி

பொய் சொல்லத் தெரியவில்லை எனக்கு. காலையில் வாலு, "மெஷின் வந்துச்சாப்பா?" என்றாள். வந்தது, உன் சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். பாடம் படித்த பிள்ளை ஆயிற்றே.

"அது கடவுள் எனக்குக் குடுத்தது! என்னக் கேக்காம எப்படிக் குடுப்ப?"

என்ன தொண்டை! என் தொண்டைதான். டம்ளர் பறந்தது. தரையில் உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டு அழுதாள். தினமும் காத்திருந்தாளாம், எண்ணிக்கொண்டே இருந்தாளாம், இப்போது கடவுள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். மனைவி அவளைத் தூக்கப் போனாள். விடு, கத்தட்டும் என்றேன். கொடுத்தால் இவ்வளவு வலிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும்தான்.

மார்ச் 23, ஞாயிறு

என்னோடு பேசுவதில்லை. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க ரத்தம்" என்கிறாள்.

மார்ச் 25, செவ்வாய்

பள்ளிவிட்டு அழைத்து வரும்போது வாலு ரொட்டிக்கடை முன்னால் என் கையை உதறிவிட்டு உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். அந்தப் பெண் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. மெஷின் மாட்டியதிலிருந்து எல்லாச் சத்தத்துக்கும் பயப்படுகிறதாம். காகிதப் பை கசங்கினாலே காதைப் பொத்துகிறதாம். ரொட்டிக்கடைக்காரர் திக்குமுக்காடி நின்றார்.

வாலு மேஜைக்கு அடியில் நுழைந்தாள். ஒரு பையை எடுத்துக் கசக்கினாள். "இது பை." ஸ்பூனால் தரையைத் தட்டினாள். "இது ஸ்பூன். ஒண்ணும் பண்ணாது." பிறகு என் பக்கம் கையை நீட்டி, "அது எங்கப்பா. கத்தும். அதுவும் ஒண்ணும் பண்ணாது."

வீட்டுக்கு வரும் வழியில் அவளாகவே கையைப் பிடித்தாள்.

"எனக்கு யாருப்பா தருவா? கடவுளா, நீயா?"

"பேசிட்டிருக்கோம்" என்றேன்.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், அது போதும் என்பதுபோல. நான் சொன்னது பொய்யும் இல்லை. இந்த மாதம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் தனியாக நின்று நான் வேறு யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்?