ஒடுக்கம் என்றால் பெறுவது

ஜூன் 4
பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. ஒரே ஒரு இடம். தேர்வு பத்தாம் வகுப்பு வேதியியலில். பதினெட்டு வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறந்தேன். அமிலம் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும் — நினைவிருக்கிறது! படிக்கும்போது வகுப்பில் நான்தான் முதல்.

சாப்பிடும்போது சொன்னேன். இவர், "இந்த வயசுல உனக்கெதுக்கு மோல் கணக்கு?" என்று சிரித்தார். கொழுந்தனார் சிரிக்கவில்லை. தன் மனைவி சின்னவளிடம், "நீயும் எழுதேன்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஜூன் 9
தனிம அட்டவணையைக் குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கிறார் கொழுந்தனார். சின்னவள் பல் தேய்த்துக்கொண்டே ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்கிறாள். அத்தை அவளைச் சமையலறைப் பக்கமே விடுவதில்லை. "சின்னவ படிக்கட்டும். நீதான் கெட்டிக்காரியாச்சே."

கெட்டிக்காரி பாத்திரம் தேய்க்கிறேன்.

ஜூன் 13
பொறாமைதான். எழுதிவிட்டால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

ஜூன் 17
நான் பேனாவைத் திறப்பதற்குள் அவள் சமன்பாட்டைச் சமன் செய்துவிட்டாள். வயிறு எரிந்தது. இந்த எரிச்சலை நடுநிலையாக்க எந்தக் காரமும் போதாது.

ஜூன் 22
நோட்டை நீட்டினாள். "தப்பு இருந்தா சொல்லுங்கக்கா."

ஒரே ஒரு தப்பு: 'ஒடுக்கம் — எலக்ட்ரானை இழப்பது.' ஒடுங்கினால் குறையத்தானே வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். நானும் பத்தாம் வகுப்பில் இதே பள்ளத்தில் விழுந்தவள்தான். டீச்சர் தலையில் குட்டிச் சொன்னார்: பேருதான் ஒடுக்கம், எலக்ட்ரானைப் பெறும்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

ஜூன் 23
காலையில் சொல்லிவிடலாம் என்று போனேன். கொழுந்தனார் அவளுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பதினாறு வருஷத்துல எனக்கு ஒருத்தர் ஒரு தடவை டீ போட்டுக் குடுத்திருப்பாங்களா? திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 26
தேர்வு. நாலாவது கேள்வி: ஒடுக்கம் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண். எனக்கு முன்வரிசையில் அவள் நிமிராமல் எழுதினாள்.

ஜூலை 10
எனக்கு 81. அவளுக்கு 80. வேலை எனக்கு.

விடைத்தாளைக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குக் கிடைச்சதே எனக்குச் சந்தோஷம்க்கா. அந்த ஒடுக்கம் கேள்விக்கு ரெண்டு மார்க்கும் போச்சு. நீங்க பாத்துச் சரின்னீங்களே, திருத்தினவங்கதான் ஏதோ தப்புப் பண்ணிட்டாங்க."

அடிப்பாவி, கொஞ்சம் என்னைச் சந்தேகப்பட்டுத் தொலைச்சா என்ன?

ஜூலை 12
சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்" என்றேன். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அந்த வேலை எனக்கு வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"போங்க, வேலைக்குப் போங்க."

ஜூலை 15
வேலையில் சேர்ந்தேன். குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன், ஒன்றும் உடையவில்லை.

காலையில் கிளம்பும்போது சின்னவள், "சாப்பாடு மேசையில இருக்கு" என்றாள். பேச்சுக்குப் பேச்சு அக்கா போடுகிறவள். மூன்று நாளாக மொட்டையாகத்தான் பேசுகிறாள்.