சேற்றில் விழுந்த நாரைக்குஞ்சு

அன்புள்ள நைனாவுக்கு உங்கள் மகள் பிரித்திகாவின் வணக்கம். மாத்திரைகளை வேளை தவறாமல் போடுகிறீர்களா?

இங்கே சூளூர்ப்பேட்டைப் பக்கத்து ஏரியில் நாரைக் கூடுகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றைய காற்றில் ஒரு குஞ்சு சேற்றில் விழுந்தது. தூக்கப் போய் நானும் இடுப்புவரை புதைந்துவிட்டேன். பயப்படாதீர்கள். ஏரிக் காவலர் ஆதிநாராயணன், "கேமராவ உட்டுடும்மா, கைய குடு" என்று கரைக்கு இழுத்துவிட்டார். குஞ்சைக் கூட்டில் விட்டோம். தாய் நாரை இன்று காலைதான் அதற்கு இரை ஊட்டியது. அதுவரை எனக்குத் தூக்கமே இல்லை.

சேற்றில் நின்றபோது உங்கள் இதய ஸ்கேன்தான் நினைவுக்கு வந்தது. போனில் கேட்டால் "நல்லாத்தான் கீறேன்" என்கிறீர்கள். வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்குத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். களிக்குக் கேழ்வரகு மாவு வாங்கி வையுங்கள், சேர்ந்து சாப்பிடலாம். தனியாக உட்கார்ந்தால் இங்கே சோறு இறங்குவதில்லை.

படகு கிளம்புகிறது. லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வியாழக்கிழமை பலமனேரில் நம் வீட்டில் இருப்பேன்.

பிரித்திகா