முன்வரிசை விருந்தினர்

ஹட்டன்

தம்பிக்கு,

தேவாலயத்தில் நடக்கும் உன் எண்பதாவது பிறந்தநாள் பூசைக்கு அழைத்திருக்கிறாய். என் கணவரின் பெட்டியில் கிடைத்த முகாம் சிகிச்சைப் பட்டியலை எரித்துவிடச் சொல்லியும் எழுதியிருக்கிறாய்.

அவரும் நீயும் ஒரே படைமுகாமில் இருந்தபோது, அங்கே மருத்துவ உதவியாளனாக, காதடைப்புக்கு வைத்தியம் என்று அவர் மூக்கில் ரேடியம் கோலை நுழைத்தவன் நீ. "பயப்படாதீங்க மச்சான், தடிமன் புடிச்சு மூக்கடைச்ச மாதிரித்தான் இருக்கும்" என்றாயாம். நாற்பது வருடம் கழித்து அதே இடத்தில் புற்றுநோய் வந்தது. அப்போது, அப்படியொரு சிகிச்சையே நடக்கவில்லை என்று டாக்டரிடம் சொன்னாய். கடைசியில் அவருக்கு ஒரு வாய் பிளேன்டீகூட மூக்கால் திரும்பி வந்தது.

பட்டியலில் உன் கையொப்பத்துக்கு மேலே இன்னும் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களுக்கெல்லாம் பிரதி எழுதி அனுப்பிவிட்டேன். கன்னியர்மடத்தில் பழகிய கையெழுத்து, வாசிக்கச் சிரமமிருக்காது.

உன் பூசைக்கும் அவர்களை அழைத்திருக்கிறேன். முன்வரிசையை ஒதுக்கி வை.

உன் அக்கா